காலி மருந்துக் குப்பிகள்



என் தாயார் நீரிழிவு நோயினர். காலையும் மாலையும் விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, சிறியதொரு பட்டையில் ஏற்றி, கருவியில் செருகிச் சர்க்கரையின் அளவைப் பார்த்துக்கொள்வார். அந்தப் பட்டைகள் ஐம்பது ஐம்பதாக ஒரு பிளாஸ்டிக் குழலில் அடைபட்டு வருகின்றன. கட்டைவிரல் பருமன், அதே அளவு உயரம். மூடியை அழுத்தினால் 'டக்' என்று ஓர் ஓசை. இருபத்தைந்து நாளைக்கு ஒரு குழல் காலியாகிவிடும். அன்னையார் எதனையும் எளிதில் எறிந்துவிடும் இயல்பினர் அல்லர். சன்னல் விளிம்பில் அக்குழல்கள் படை வீரரைப் போல அணிவகுத்து நின்றன. ஒருநாள் அவற்றைத் துடைப்பம் கொண்டு ஒதுக்கப் போனேன். "ஏண்டா, இவ்வளவு நல்ல டப்பாவைக் குப்பையிலா போடுவது?" என்றார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் புறப்பட்டதன் பயனே இன்றைய என் பேச்சு.

மருந்து வந்த குப்பியை வேறு வேலைக்குக் கொள்ளலாமா என்பதற்கு முன்னால், வேறு வேலைக்கு இருந்த ஏனம் ஒன்று மருந்துக்கே உதவிய கதையைச் சொல்லிவிடுகிறேன். 1940ஆம் ஆண்டு. இங்கிலாந்து போரில் மூழ்கியிருந்த காலம். ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஃப்ளோரி, செயின் என்னும் இரு விஞ்ஞானிகளும் அவர்களுடைய துணைவர்களும் பெனிசிலின் என்னும் மருந்தைப் பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள். மே மாதம் 25ஆம் நாள் எட்டு எலிகளுக்குக் கொடிய நோய்க் கிருமிகளை ஏற்றினார்கள். அவற்றுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் அளித்தார்கள். மருந்து பெற்ற எலிகள் பிழைத்தன. பெறாதவை மறுநாள் விடிவதற்குள் மாண்டன. எலிக்குப் பயன்பட்டது மனிதனுக்கும் பயன்படுமா என்று அறிய வேண்டும். ஆனால் மனித உடல் எலியைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. அவ்வளவு மருந்துக்கு எங்கே போவது?

நார்மன் ஹீட்லி என்னும் இளைஞர் அப்போது ஒரு காரியம் செய்தார். பூஞ்சணம் வளர்ப்பதற்குக் கைக்குக் கிட்டிய ஏனங்களையெல்லாம் எடுத்துப் பரீட்சித்தார். பிஸ்கட் டப்பாக்கள், பணியாரத் தட்டுகள், பால் கேன்கள் எனப் பலவும் அவருடைய ஆய்வுக் கூடத்திற்குள் புகுந்தன. எல்லாவற்றிலும் சிறந்து விளங்கியது எது தெரியுமா? எழுந்து நடக்க இயலாத நோயாளர்க்கு மருத்துவமனையில் படுக்கையிலேயே வைக்கும் பெட்பேன்! சிரிக்க வேண்டா, இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பூஞ்சணம் காற்றுப்படும் மேற்பரப்பில்தான் ஏடுபோலப் படர்ந்து வளரும். ஆழமான பாத்திரம் அதற்குப் பயனில்லை. அகன்று தாழ்ந்த ஏனமே வேண்டும். அதன் மேல் மூடியும், திரவத்தை வடிக்க ஒரு மூக்கும் இருந்தால் இன்னும் நல்லது. பெட்பேனின் வடிவத்தையே தழுவிப் பீங்கானில் புதிய கலங்கள் செய்யச் சொல்லி, அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள் வண்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய், முதல் தொகுதியாக 174 கலங்களைத் தாமே ஏற்றி வந்தார் ஹீட்லி. 1941 பிப்ரவரி 12ஆம் நாள் ஆல்பர்ட் அலெக்சாந்தர் என்னும் காவலருக்கு அந்த மருந்து ஏற்றப்பட்டது. அவர் உடல் தேறி வந்தது. ஆனால் மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரில் கழிந்த பெனிசிலினைக்கூட மீட்டெடுத்து மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. மார்ச்சு 15ஆம் நாள் அவர் இறந்தார். கலங்கள் இன்னும் சில நூறு இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக் கூடும் என்று எண்ணும்போது, கலம் என்பது எவ்வளவு பெரிய பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹீட்லி கண்ணில் பட்டதையெல்லாம் பயன்படுத்தினார் என்று சொல்வது பாதி உண்மைதான். கண்ணில் பட்டவற்றுள் தம் வேலைக்குரிய இயல்பு எதனிடம் இருக்கிறது என்று பார்த்துப் பயன்படுத்தினார். இந்தப் பார்வை இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு, நமக்கு அண்மையிலுள்ள இலங்கையிலிருந்து ஒரு சான்று சொல்கிறேன்.

மின்விளக்கு எட்டாத குடில்களில் ஒருவகை விளக்கு இருந்தது. குப்பி விளக்கு என்பார்கள். காலியான மருந்துப் புட்டியையோ, சிறு சீசாவையோ எடுத்துக்கொள்வார்கள். மூடியில் துளையிட்டுத் திரியைச் செருகுவார்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். செலவில்லாத விளக்கு! அதன் ஒளியில் எத்தனையோ பிள்ளைகள் பாடம் படித்துத் தேறினார்கள். நம் நாட்டுச் சிற்றூர்களிலும் இத்தகைய விளக்குகள் இருந்தன. உங்கள் பாட்டனாரைக் கேட்டால் சொல்வார். ஆனால் மருந்துப் புட்டி எப்படிப்பட்டது? அலமாரியில் நிற்பதற்கென்று ஒடுங்கி உயர்ந்தது. மெல்லிய கண்ணாடியால் ஆனது. குழந்தையின் கை பட்டால் சாயும், சாய்ந்தால் உருளும், உருண்டால் உடையும். துளையிட்ட மூடி எண்ணெயைத் தடுக்காது. எண்ணெய் சிந்திய இடமெல்லாம் தீ பரவும். இவ்வாறு வெந்து வந்த உடல்களுக்கு மருத்துவம் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர் விஜய கொடகும்புர என்னும் அறுவை மருத்துவர். புண்ணை ஆற்றுவதோடு தம் கடமை தீர்ந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. விளக்கையே மாற்ற முனைந்தார்.

எங்கிருந்து கிடைத்தது அந்தக் கருத்து? அதுவும் ஒரு காலிப் புட்டியிலிருந்தே! ரொட்டியில் தடவி உண்ணும் மார்மைட் என்ற பண்டம் வரும் சீசாவை இலங்கையில் அறியாதார் இல்லை. குள்ளமானது, பருத்தது, எளிதில் சாயாதது. அதைப் பார்த்து 1992இல் அவர் ஒரு விளக்கை வகுத்தார். தடித்த கண்ணாடி, கனத்த அடி, இறுகத் திருகும் உலோக மூடி, பக்கங்களில் இரண்டு தட்டையான முகங்கள். தட்டை முகங்கள் எதற்கென்றால், ஒருவேளை சாய்ந்தாலும் உருளாமல் கிடப்பதற்காக. மிகக் குறைந்த விலையில் பல இலட்சம் விளக்குகள் ஏழைக் குடும்பங்களைச் சென்றடைந்தன. 1998இல் உலகப் புகழ் பெற்ற ரோலெக்ஸ் பரிசு அவருக்குக் கிடைத்தது. மருந்துப் புட்டி விளக்கும் காலிப் புட்டியின் மறுபயன்தான். மார்மைட் சீசாவைக் கண்டு பிறந்த விளக்கும் அவ்வகையினதே. முன்னதில் சிக்கனம் மட்டும் இருந்தது. பின்னதில் சீசாவின் இயல்பைப் பற்றிய சிந்தனையும் இருந்தது.

மண்ணெண்ணெய் என்றதும் என் வீட்டு நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. சொல்லக் கூச்சமாக இருப்பினும் சொல்ல வேண்டியதே. அப்போது எனக்குப் பத்து வயது. என் தம்பிக்கு மூன்று. எங்கள் வீட்டுத் திரி அடுப்பிற்கு ஊற்றிய மண்ணெண்ணெயில் மிஞ்சியதை என் தந்தையார் ஓர் இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றி அடுக்களை மூலையில் வைத்திருந்தார். புட்டியின் மேலிருந்த தாளும் அப்படியே இருந்தது. தம்பிக்கு அந்தப் புட்டியைத் தெரியும். அதனுள் இனிப்பான மருந்து இருக்கும் என்பதும் தெரியும். ஒரு வாய் குடித்துவிட்டான். பாட்டி பதறிப்போய் உப்பு நீரைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்தார். அதுதான் தவறு என்று பிறகு மருத்துவர் கடிந்துகொண்டார். மண்ணெண்ணெய் வயிற்றில் கிடப்பதைவிட நுரையீரலுக்குள் இறங்குவதே கொடியது. வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக் குழலில் புகுந்துவிடும். ஆதலால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கி ஓட வேண்டும். தம்பி எட்டு நாள் காய்ச்சலிலும் இருமலிலும் கிடந்து பிழைத்தான். இன்று அவனுக்கே பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆயினும் எங்கள் தந்தையார் தம் வாழ்நாள் முழுதும் அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் முகம் வாடுவார்.

குழந்தை அங்கே என்ன பிழை செய்தது? ஒன்றும் இல்லை. புட்டி சொன்னதை நம்பிற்று. அவ்வளவே. கனடா நாட்டில் ஆன்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர், மருந்து உண்டு மயங்கி வரும் குழந்தைகளைக் கண்டு சகிக்கமாட்டாமல், அழுத்தியபடியே திருகினால் மட்டும் திறக்கும் மூடியை 1967இல் பரப்பினார். நல்ல மூடிதான். ஆனால் மருந்துப் புட்டியில் மண்ணெண்ணெயையோ, எறும்பு மருந்தையோ, தரை கழுவும் திராவகத்தையோ நாமே ஊற்றி வைத்தால் எந்த மூடியும் எவ்வளவு நேரம் காக்கும்? உண்ணும் பொருளின் கலத்தில் உண்ணாத பொருளை வைத்தல் ஆகாது. மருந்து இருந்த கலத்தில் உண்ணும் பொருளையும் வைத்தல் ஆகாது. சிலருக்குப் பெனிசிலின் போன்ற மருந்தின் துகள் பட்டாலே உடலில் தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகும். கழுவிவிட்டோம் என்று நாம் நினைத்தாலும், மூடியின் புரியிடுக்கில் என்ன ஒட்டியிருக்கிறது என்று யார் கண்டார்? ஆகவே உப்பும் ஏலக்காயும் வேறிடம் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி, சன்னல் விளிம்பில் நிற்கும் குழல்களுக்கு வருகிறேன். அவற்றின் இயல்பு என்ன? சர்க்கரைப் பட்டையில் பூசியுள்ள மருந்து காற்றிலுள்ள ஈரம் பட்டால் கெட்டுவிடும். எனவே அக்குழலின் மூடி காற்றுப் புகாதபடி இறுகப் பொருந்துகிறது. அதோடு, குழலின் உட்சுவரில் அல்லது மூடியில் ஈரத்தை உறிஞ்சும் பொருளை வைத்தே செய்திருக்கிறார்கள். உள்ளே நோக்கினால் சுவர் இரட்டையாக இருப்பதைக் காணலாம். ஈரம் ஆகாத சிறு பொருள் வேறு எது என்று எண்ணினேன். விதை! விதையியலில் ஹாரிங்டன் என்பவர் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரப்பதம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது அது. ஈரப்பதம் ஐந்துக்கும் பதினான்குக்கும் இடைப்பட்டிருக்கும் வரையில் இக்கணக்குப் பொருந்தும். நம் பாட்டிமார் விதையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக் குடுக்கையில் இட்டு அடுப்பின் மேல் உறியில் தொங்கவிட்டதும் இந்தக் கணக்கை ஒட்டியதே; அவர்கள் அதை எழுதி வைக்கவில்லை. கத்தரி, தக்காளி, மிளகாய், கீரை இவற்றின் விதைகளை நிழலில் நன்றாக உலர்த்திய பிறகு இக்குழலில் இடலாம். ஈர விதையை இட்டுவிட்டு, உறிஞ்சு பொருள் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. அதன் பசி சிறிது, விரைவில் நிறைந்துவிடும். அடிக்கடி திறந்த பழைய குழலில் அது முன்னமே நிறைந்திருக்கும். அப்போது மூடி மட்டுமே காவல். மூடி சரிதானா என்று அறிய ஓர் எளிய வழி: மொறுமொறுப்பான பொரி இரண்டை உள்ளே இட்டு ஒரு வாரம் கழித்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நொறுங்கினால் குழல் நல்லது, துவண்டால் எறிந்துவிடலாம். அந்தப் பொரியைத் தின்ன வேண்டா!

தையல் ஊசி துருப்பிடிக்காமல் இருக்கவும் இக்குழல் ஏற்றது. ஆனால் ஒன்று. விரலைக் குத்திய ஊசி முனைகளையோ, இரத்தம் பட்ட பட்டைகளையோ இட்டு வைத்த குழலை மறந்தும் வேறு வேலைக்கு எடுக்கலாகாது. அது நேரே வீட்டின் தீங்குக் குப்பையோடு தனியே செல்ல வேண்டியது.

மாணவர்களாகிய உங்களுக்கு இன்னொரு வகைப் பயன் உண்டு. யுனெஸ்கோ நிறுவனம் 1956இல் அறிவியல் ஆசிரியர்களுக்கென்று பெரிய கையேடு ஒன்றை வெளியிட்டது. போரில் பள்ளிகள் அழிந்த நாடுகளுக்காக 1948இல் எழுதப்பட்ட சிறு நூலின் விரிவு அது. விலையுயர்ந்த கருவி இல்லாமலே, வீட்டுப் பொருள்களைக் கொண்டு ஆராய்ச்சி நடத்தலாம் என்பதே அதன் கருத்து. என் மேசைமேல் கிடக்கும் குப்பிகளைக் கொண்டு நான் செய்து பார்த்தவற்றுள் ஒன்றிரண்டைச் சொல்கிறேன்.

கண் சொட்டு மருந்தின் சிறு புட்டியை வெந்நீரிலும் சோப்பிலும் பலமுறை கழுவி எடுத்தேன். அதில் நல்ல தண்ணீரை நிரப்பித் தலைகீழாக நேராகப் பிடித்து, ஒரு சிறு குப்பியில் கோடு கிழித்த இடம் வரையில் எத்தனை துளி ஆகிறது என்று எண்ணினேன். பிறகு அதே புட்டியில் சோப்பு நீரை நிரப்பி எண்ணினேன். கோட்டை எட்டச் சோப்பு நீருக்கு அதிகத் துளிகள் வேண்டியிருந்தன. ஏன்? துளி என்பது புட்டியின் வாயில் தொங்கி நிற்கும்போது, நீரின் மேற்பரப்பு ஒரு மெல்லிய தோல்போல அதைத் தாங்குகிறது. சோப்பு அந்தத் தோலைத் தளர்த்திவிடுகிறது. தாங்கும் வலிமை குறையவே துளி சிறிதாக இருக்கும்போதே அறுந்து விழுகிறது. தாமஸ் டேட் என்பவர் 1864இல் கண்ட விதி இது. புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் எண்ணிக்கை மாறுவதையும் பாருங்கள். கண்ணில் மருந்து விடும்போது எப்படிப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துக்கூட அளவு மாறலாம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஹோமியோபதி மாத்திரை வரும் மெல்லிய கண்ணாடிக் குழலில் பாதிக்குமேல் நீர் நிரப்பி, தண்ணீர் நிறைந்த பெரிய பிளாஸ்டிக் புட்டிக்குள் தலைகீழாக விடுங்கள். மேலே மிதந்தும் மிதவாமலும் நிற்கும்படி உள்நீரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதற்குச் சற்றுப் பொறுமை தேவை. பெரிய புட்டியை இறுக மூடிப் பக்கங்களை அழுத்தினால் குழல் கீழே முங்கும். கையை விட்டால் மேலே எழும். அழுத்தத்தால் குழலுக்குள் இருக்கும் காற்று சுருங்க, அவ்விடத்தில் நீர் புகுந்து குழல் கனத்துவிடுகிறது. 1648இல் இத்தாலியர் மாஜியோட்டி விளக்கிய விளையாட்டு இது. இன்சுலின் வந்த கண்ணாடிக் குப்பியோ ஒப்படர்த்தி அளப்பதற்கு உதவும். அதை வெறுமையாகவும், நீர் நிறைத்தும், பால் நிறைத்தும் பள்ளித் தராசில் நிறுத்துக் கணக்கிட்டால் பால் நீரைவிட நூற்றுக்கு மூன்று பங்கு கனமாக இருப்பது தெரியும். பால்காரர் நீர் கலந்தாரா என்பதும் ஓரளவு தெரியும்! அக்குப்பியின் அலுமினிய வளையத்தின் விளிம்பு கூரியது. பெரியவர் ஒருவரைக் கொண்டு குறட்டால் நீக்கிக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் உங்கள் வீட்டுக் குப்பிகளைப் பற்றிய பேச்சு. மருத்துவமனைக் குப்பையில் கை வைக்கலாகாது. கழுத்து ஒடித்த ஆம்பூல்களும், ஊசிகளும், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் புற்றுநோய் மருந்தும் இருந்த குப்பிகளும் எந்த விளையாட்டிற்கும் உரியன அல்ல.

வீட்டில் வேண்டாத குப்பியை எறியும்போதும் ஒரு கடமை இருக்கிறது. 2024 மார்ச்சு மாதத்தில் தில்லிக் காவல்துறையினர் ஒரு கூட்டத்தைப் பிடித்தார்கள். விலைமிகுந்த புற்றுநோய் மருந்துகளின் காலிக் குப்பிகளைப் பணம் கொடுத்து வாங்கி, பூஞ்சை நோய்க்குரிய மலிவான மருந்தை அவற்றில் நிரப்பி, உயிருக்குப் போராடும் நோயாளர்க்கு விற்றவர்கள் அவர்கள். மறுபயன் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்று எண்ணும்போது மனம் குமுறுகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கண்ணாடி அன்று. கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த தாள். என் தம்பியை ஏமாற்றியதும் அந்தத் தாள்தான். ஆகையால் குப்பி உங்கள் மேசைக்கு வந்தாலும் சரி, குப்பைக்குப் போனாலும் சரி, முதலில் தாளை நனைத்துச் சுரண்டிக் கிழித்துவிடுங்கள். மேசைக்கு வந்த குப்பியில், உள்ளே இருப்பதன் பெயரையும் இட்ட நாளையும் எழுதிப் புதுத் தாள் ஒட்டுங்கள்.

என் தாயாரின் குழல்களில் ஆறு இப்போது விதைக் குழல்களாகிவிட்டன. ஒன்றில் கத்தரி, ஒன்றில் தண்டுக்கீரை, ஒன்றில் ஊர் மிளகாய். அன்னையார் தம் நடுங்கும் கையால் பெயரும் தேதியும் எழுதித் தந்தார், நான் ஒட்டினேன். ஆடி பிறந்ததும் கத்தரிக் குழலைத் திறந்து, ஈரத் துணியில் பத்து விதையை முடிந்து வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.